ஆங்கில மரபுத்தொடர்களும் பழமொழிகளும்: வீட்டுத் தமிழில் தொடங்கிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி

நாலாம் தரத்துப் பையன் ஒருவன், தன் வீட்டுப்பாடக் கொப்பியை ஆடு தின்றுவிட்டதாகச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே, "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்று கேட்டேன். அவன் திடுக்கிட்டு, "இல்ல ரீச்சர், நான் உங்கட காலத் தொடவே இல்ல" என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "காலை வாருறியா எண்டு கேக்கிறா" என்று அவள் விளக்கம் சொன்னாள். பையனின் கண் கலங்கிவிட்டது. தமிழில் காலை வாருவதென்றால் கூட இருந்தே கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் அது வெறும் பகிடி. "பகிடி விடுறியா?" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அன்று இரண்டு பிள்ளைகளும் இரண்டு விதமாகத் தவறினார்கள். அவன் சொல்லைச் சொல்லாகவே எடுத்தான். அவளோ, இங்கே சொல்லுக்கு வேறு பொருள் இருக்க வேண்டும் என்று உணர்ந்து, அதைத் தன் தமிழுக்குள் தேடினாள். விடை பிழைத்தாலும் தேடிய இடம் சரி. மரபுத்தொடர் என்றால் என்ன என்பது நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் தெரியும். ஆங்கிலத்துக்கு அந்த வாசலால் கூட்டிப்போனால் அவர்கள் தடுமாறுவது வெகுவாகக் குறைகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களையும், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் தாய் தகப்பனையும், மாலையில் ரியூசன் கொடுக்கும் அக்காமாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இந்த வேலையில் சேர வேண்டும், அதற்காகத்தான். கரும்பலகையிலும் கொப்பியிலும் நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

நம் பாடசாலைகளில் 1ஆம், 2ஆம் தரங்களில் ஆங்கிலம் பேச்சும் விளையாட்டுமாகத்தான் வருகிறது. பாடமாகத் தொடங்குவது 3ஆம் தரத்தில். ஆகவே மிகச் சின்னவர்களுக்கு மரபுத்தொடர் என்ற பெயரே வேண்டாம். மேசையைத் தூக்கும்போது "கிவ் மீ எ ஹேண்ட்" என்று சொல்லுங்கள், ஓடி வருவார்கள், அது போதும். 3ஆம் தரத்தில் உடம்பின் பெயர் வரும் எளிய தொடர்கள் நாலைந்து கொடுக்கலாம். 4ஆம், 5ஆம் தரங்களில்தான் பழமொழிக்கு வயது வரும்.

வாரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் ஒரு மாலை வகுப்பில் ஐம்பது பழமொழிகளைத் தாளில் தந்து பாடமாக்கச் சொன்னார்கள். ஐம்பதையும் ஒப்பித்தேன். அதில் ஒன்றைக்கூட ஒரு மனிதரிடம் பேசும்போது நான் பயன்படுத்தியதில்லை, எங்கே சொல்வது என்று யாரும் காட்டித் தராதபடியால். இன்றும் அதே மாதிரித் தாள்கள் கைமாறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தேவையான பொருட்கள்: பக்கத்தின் மேல்பாதி படத்துக்கும் கீழ்ப்பாதி எழுத்துக்குமாக ஒரு கொப்பி, நிறப் பென்சில், வீட்டில் ஒரு வயதானவர்.

படி 1: முதல் பாடத்தில் ஆங்கிலமே வேண்டாம்

"பொலிஸைக் கண்டதும் கள்ளன் கம்பி நீட்டினான்" என்று கரும்பலகையில் எழுதுங்கள். எழுத்தில் உள்ளபடியே படம் கீறச் சொல்லுங்கள். ஒரு ஆள் நீளமான கம்பியை நீட்டிக்கொண்டு நிற்பான். "கள்ளன் உண்மையில் என்ன செய்தான்?" என்று கேளுங்கள். "ஓடித் தப்பிட்டான்!" என்று வகுப்பே கத்தும். பிறகு "வயிற்றில் புளியைக் கரைத்தது", "எனக்குக் காது குத்தாதே", "அந்த வேலையை ஆறப்போட்டார்" என்று ஒவ்வொன்றாக எடுங்கள்.

பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். சில சொற்கள் சேர்ந்து வரும்போது தனித்தனிப் பொருளை விட்டுவிட்டு வேறொரு பொருளைத் தூக்கிக்கொள்கின்றன. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் வாயால் வரட்டும். தமிழ்ப் பாடத்தில் மரபுத்தொடர் படித்த பிள்ளை இதை உடனே பிடித்துக்கொள்ளும். அதன்பின், "இங்கிலிஷ்காரருக்கும் இப்படி இருக்கு, அடுத்த கிழமை பார்ப்போம்" என்று ஆசை காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

படி 2: இரண்டு பெட்டி

ஆங்கிலத்தில் இவற்றுக்கு இடியம், புரோவெர்ப், அடேஜ் என்று பல பெயர்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு போதும். புரோவெர்ப்புக்கும் அடேஜுக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது இழுக்க வேண்டாம். இரண்டும் காலங்காலமாய் வந்த முதுமொழிதான், ஒரே பெட்டியில் கிடக்கட்டும்.

வகுப்பில் நான் இரண்டு பனையோலைப் பெட்டி வைப்பேன். ஒன்று தொடருக்கு, மற்றது பழமொழிக்கு. எதில் போடுவது என்று தெரிய ஒரு சோதனை உண்டு. "கம்பி நீட்டினான்" என்பதை நீட்டினாள், நீட்டினார்கள், நீட்டப்போகிறேன் என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றலாம். "ஆழமறியாமல் காலை விடாதே" என்பதை அப்படி மாற்றிப் பேச மாட்டோம். அது முழு வசனம், புத்தி சொல்கிறது, இருந்தபடியே இருக்கும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். இரகசியத்தை உளறிவிட்டேன் என்பதற்கு "ஐ லெட் த கேட் அவுட் ஒஃப் த பேக்" என்றால், அவள் உளறும்போது "ஷீ லெட்" என்று மாறும். ஆனால் "லுக் பிஃபோர் யூ லீப்" மாறாது. அதற்கு நம் பக்கத்து உறவு, மேலே சொன்ன ஆழமறியாமல் காலை விடாதே. வாவிக் கரையில் வளரும் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

படி 3: உறவுமுறை பார்த்து அடுக்குதல்

எதை முதலில் கொடுப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். புத்தகத்தில் அகர வரிசையில் இருப்பதை அப்படியே எடுத்தால் பிள்ளை முதல் நாளே குழம்பும். ஒவ்வொரு ஆங்கிலத் தொடருக்கும் தமிழோடு என்ன உறவு என்று பார்த்து நான் மூன்றாகப் பிரிப்பேன். பிள்ளைகளுக்கும் இதே பெயர்கள்தான்: இரட்டைப் பிள்ளைகள், மச்சான் மச்சாள், முகச்சாயல் மட்டும்.

இரட்டைப் பிள்ளைகள் என்பன படமும் பொருளும் ஒன்றாக இருப்பவை. "கிவ் எ ஹேண்ட்" என்றால் கை கொடுத்தல், அதாவது உதவி. ஒரு எச்சரிக்கை: "கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்" என்று மேடையில் சொன்னால் அது கைதட்டல், உதவி இல்லை. "வொஷ் மை ஹேண்ட்ஸ் ஒஃப் இட்" என்றால் கை கழுவி விடுதல். கிறிஸ்தவப் பிள்ளைகள் பிலாத்து கை கழுவிய கதையை உடனே சொல்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது "த ஆப்பிள் ஒஃப் மை ஐ". கேட்டவுடன் கண்ணுக்குள் ஆப்பிளா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் கண்ணின் நடுவே உள்ள கருமணியைத்தான் ஆப்பிள் என்றார்கள், அது ஆப்பிள் போல உருண்டை என்று எண்ணியதால். அப்படியென்றால் அது நம் கண்மணியேதான். "என் கண்மணி" என்று அம்மா கொஞ்சுகிறாரே, அந்தச் சொல்தான் கடலுக்கு அப்பாலும் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தின் 17ஆம் சங்கீதத்திலும் "கண்மணியைப்போல" என்றுதான் வருகிறது. பெரியவர்களுக்காக இன்னொன்று. கருமணியைத் தமிழில் பாவை என்றும் சொல்வோம். பாவை என்றால் பொம்மை. ஆங்கிலத்தில் அதை பியூபில் என்கிறார்கள். அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கும் சின்னப் பொம்மை என்றே பொருள். எதிரில் நிற்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் குட்டியாகத் தெரிவதை இரண்டு நாட்டவரும் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளைச் சோடியாக நிறுத்தி ஒருவர் கண்ணில் மற்றவரைத் தேடச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தொடரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

மச்சான் மச்சாள் கூட்டத்தில் பொருள் ஒன்று, படம் வேறு. "கில் டூ பேர்ட்ஸ் வித் வன் ஸ்டோன்" என்று அவர்கள் ஒரு கல்லில் இரண்டு குருவியை வீழ்த்துகிறார்கள். நாம் இரண்டு மாங்காயை வீழ்த்துகிறோம். எங்கள் படம்தான் நல்லது என்று பிள்ளைகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். "இட் கோஸ்ட்ஸ் என் ஆர்ம் அண்ட் எ லெக்" என்றால் ஒரு கையும் ஒரு காலும் விலை. நமக்கு யானை விலை குதிரை விலை. "டோன்ட் ஜட்ஜ் எ புக் பை இட்ஸ் கவர்" என்று அவர்கள் புத்தக மட்டையைக் காட்ட, "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று 667ஆம் குறள் தேரின் அச்சாணியைக் காட்டுகிறது. மாமாங்கத்திலோ கொக்கட்டிச்சோலையிலோ தேர் பார்த்த பிள்ளையிடம், அவ்வளவு பெரிய தேரைத் தாங்கும் அச்சாணி எவ்வளவு சிறியது என்று கேட்டால் பாடம் முடிந்தது.

"வன்ஸ் இன் எ ப்ளூ மூன்" நம் நாட்டுப் பிள்ளைக்கு மிக எளிது. ஒவ்வொரு முழுநிலாவும் நமக்குப் போயா விடுமுறை. ஒரே மாதத்துக்குள் இரண்டு முழுநிலா வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். இரண்டரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் அப்படி வரும்; 2023 ஆகஸ்டில் வந்தது. நிலா நீலமாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்து ஏமாந்து போவார்கள். நாமோ அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தியின் பூ காய்க்கு உள்ளேயே ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், நாம் மரத்தைப் பார்த்தோம்.

மூன்றாவது கூட்டம், முகச்சாயல் மட்டும். பார்த்தால் சொந்தக்காரர் போல இருக்கும், வீட்டுக்குள் விட்டால் ஆள் வேறு. காலை வாருதல் இந்த இனம். "ஃபிஷ் அவுட் ஒஃப் வாட்டர்" இன்னொன்று. நீரை விட்ட மீன் போல என்று நாம் சொன்னால் உயிர்போகும் துடிப்பு. ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் யாரையும் தெரியாமல் கூச்சத்தோடு நிற்கிறோமே, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய பொறி குளிர்தான். இதற்கு மட்டும் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். "கோல்ட் ஃபீட்" என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. "கோல்ட் ஷோல்டர்" என்றால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது. "வார்ம் வெல்கம்" என்றால் அன்பான வரவேற்பு. ஆங்கிலத்தில் குளிர் பெரும்பாலும் கெட்ட பக்கம், சூடு நல்ல பக்கம். தமிழிலோ மனம் குளிர வாழ்த்துகிறோம், கண் குளிரப் பார்க்கிறோம். கோபம்தான் சூடு. வைகாசியில் நம் ஊர்க் கண்ணகை அம்மன் சடங்குகள் எதில் முடிகின்றன? திருக்குளிர்த்தியில். கொதித்து வந்த அம்மனைக் குளிரப்பண்ணித்தான் ஊர் நிம்மதி அடைகிறது. முஸ்லிம் பிள்ளைகளும், குடும்பத்தைக் கண் குளிர்ச்சியாக ஆக்கித் தரும்படி கேட்கும் துஆவைச் சொல்வார்கள். அரபு நாடும் வெயில் நாடுதானே. பனி கொட்டும் இங்கிலாந்தில் குளிர் ஆளையே கொல்லும். அங்கே அடுப்பருகில் இடம் தருவதுதான் அன்பு. இதை ஒருமுறை விளக்கிவிட்டால், பிள்ளை பிற்காலத்தில் காணப்போகும் பல தொடர்களுக்குத் தானே பொருள் கண்டுபிடித்துக்கொள்ளும்.

முகிலும் அப்படித்தான். "எவ்ரி கிளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங்" என்றபோது, வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "முகில் வந்தா நல்லதுதானே ரீச்சர்?" கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் வயல்வட்டையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு முகில் எப்படித் துன்பமாகும்? ஆங்கிலத்தில் முகில் துன்பம், அதன் ஓரத்து வெள்ளிக்கோடு நம்பிக்கை என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள், ஆனாலும் முழு மனதோடு இல்லை. அதில் பிழை ஒன்றும் இல்லை. தன் ஊர் முகிலைத் தன் ஊர் முகிலாகவே அவள் வைத்துக்கொள்ளட்டும்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலக் கவிதைகளைத் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்தவர். இரு மொழியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை நம் மண்ணுக்குப் புதிதில்லை என்று 5ஆம் தரப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

படி 4: ஒரு பழமொழி, ஒரு வாரம்

இதை ஒரு முழு உதாரணத்தோடு காட்டுகிறேன். பழமொழி: "மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்".

திங்கட்கிழமை பழமொழியைச் சொல்லாதீர்கள். ஒரு காட்சியைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் இரண்டு கமக்காரர். இருவருக்கும் மாடு உண்டு. பனிக்காலத்தில் புல் வளராது, ஆகவே கோடையில் புல்லை வெட்டி வெயிலில் உலர்த்திச் சேமிக்க வேண்டும். இன்று நல்ல வெயில். ஒருவர் காலையிலேயே வெட்டிக் காயப்போட்டார். மற்றவர் நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டார். நாளை முதல் ஒரு கிழமை மழை. பனிக்காலத்தில் யாருடைய மாடு பசியோடு நிற்கும்? இதைச் சொல்லி முடித்த பிறகு பழமொழியைக் கரும்பலகையில் எழுதி, "இதன் கருத்து என்னவாக இருக்கும்?" என்று கேளுங்கள். ஊகிக்க விடுங்கள். பிழையான ஊகத்தையும் எழுதி வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை சொல் விளக்கம். அகராதியைப் பார்த்து ஹே என்றால் வைக்கோல் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். வைக்கோல் என்பது நெல்லை எடுத்தபின் மிஞ்சும் தாள், அதற்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரோ. ஹே என்பது மாட்டுக்கென்றே வெட்டி உலர்த்திய புல். மாட்டுப்பட்டி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு உங்களைவிட நன்றாகப் புரியும்.

புதன்கிழமை தமிழ் மச்சான் வருவார்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். இங்கே எனக்கே எதிர்பாராத ஒரு சிக்கல் இருந்தது. இப்போது வட்டையில் மெஷின் இறங்கி வெட்டும், அடிக்கும், நெல்லைத் தனியாகத் தந்துவிடும். பல பிள்ளைகள் களவெட்டியில் நெல் தூற்றுவதைக் கண்ணால் கண்டதே இல்லை. "தூற்று" என்றால் ஒருவரைத் திட்டுவது என்று சிலர் நினைத்திருந்தார்கள். ஆக இரண்டு மொழிப் பழமொழியும் அவர்களுக்குப் புதிது. மறுநாள் ஒரு சுளகும் தூற்றாத நெல் கொஞ்சமும் கொண்டுபோனேன். காற்றடிக்கும் பக்கம் பார்த்து நின்று, சுளகை உயர்த்தி மெல்லச் சரித்தோம். சப்பியும் தூசும் பறந்து போக, நெல்மணி நேரே கீழே விழுந்தது. காற்று நின்றபோது எல்லாம் கலந்தே விழுந்தது. பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வெயிலை நம்பும் ஊரில் வெயில், காற்றை நம்பும் ஊரில் காற்று.

வியாழக்கிழமை சொந்த உதாரணம். "கரண்ட் இருக்கும்போதே போனைச் சார்ஜ் போடுறது" என்றான் ஒருவன். "தம்பி நித்திரையா இருக்கிற நேரம் படிச்சு முடிக்கிறது" என்றாள் ஒருத்தி. வாப்பா கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, "கடல் அமைதியா இருக்கிற நாளையில ஒரு நாளும் வீட்ட நிக்க மாட்டார்" என்றது. ஒவ்வொரு உதாரணத்தையும் இரண்டு சின்ன ஆங்கில வசனமாக்கி, மூன்றாவதாகப் பழமொழியைச் சேர்த்தோம். "மை பிரதர் இஸ் ஸ்லீப்பிங். ஐ கேன் ஸ்டடி நவ். மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்!"

வெள்ளிக்கிழமை கொப்பி. மேலே படம், கீழே ஆங்கிலப் பழமொழி, அதன் தமிழ் உறவு, தன் உதாரணம். ஜோன் ஹேவுட் என்பவர் தொகுத்து 1546இல் இங்கிலாந்தில் அச்சான பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது என்று சொன்னேன். அது எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

இதே ஒழுங்கில் மற்றவற்றையும் கொண்டுபோங்கள். "எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்" என்பதற்குச் சின்ன ஓட்டை விழுந்த வலைத்துண்டு ஒன்று போதும். இன்று ஒரு முடிச்சு, விட்டால் நாளை ஒன்பது. ஒன்பது என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்பது தையல் என்று சொல்லுங்கள். "டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹேட்ச்", அதாவது பொரிக்கும் முன்பே குஞ்சை எண்ணாதே என்பதை வயலோடு இணைக்கலாம். கதிர் முற்றும் முன்பே இத்தனை மூடை என்று கணக்குப் போட்டவரின் வயலுக்குள் ஓர் இரவு யானை இறங்கினால் என்ன ஆகும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 5: வீட்டுப்பாடம் அம்மம்மாவுக்கு

இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பழமொழியின் கருத்தை மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்து, "இதற்கு உங்கட அம்மம்மா, உம்மம்மா என்ன சொல்வா?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். வந்து சேர்பவை உங்களை வியக்க வைக்கும். பிள்ளையின் ஆங்கிலத்துக்கு உதவ முடியவில்லையே என்று ஒதுங்கி இருந்த பெரியவர்கள் அன்றிரவு அந்த வீட்டின் ஆசிரியர்களாகி விடுகிறார்கள்.

ஒருமுறை "டூ மெனி குக்ஸ் ஸ்பொயில் த ப்ரோத்" கொடுத்தேன். சமையல்காரர் கூடினால் சூப் கெடும் என்பது நேர்ப்பொருள். "ஆள் கூடினால் பாம்பு சாகாது" என்று பலர் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், "எங்கட அம்மம்மா அது பிழை எண்டு சொல்றா. ஊர் கூடித் தேர் இழு எண்டுதான் சொல்லுவா" என்றாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. "மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வேர்க்", பல கை சேர்ந்தால் வேலை இலேசு என்று ஆங்கிலத்திலும் எதிர்ப்பேச்சு உண்டு என்பதை அப்போது கொண்டுவந்தேன். தேர் இழுக்க ஊர் வேண்டும், கறிக்கு உப்புப் போட ஒருவர் போதும் என்று கடைசியில் பிள்ளைகளே பிரித்தார்கள். பழமொழி சட்டம் இல்லை, இடம் பார்த்து எடுக்கும் ஆயுதம் என்பது அன்று அவர்களுக்கு விளங்கியது.

"எ ஸ்டோர்ம் இன் எ டீகப்" என்றால் தேநீர்க் கோப்பைக்குள் புயல், சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆரவாரம். அதைக் கொடுக்கும் நாளில் 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லுங்கள். கூரை பறந்ததையும் தென்னை சரிந்ததையும் மூத்தவர்கள் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் மேசையில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்துக் கரண்டியால் கலக்குங்கள். அழிறப்பருக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரைப் பார்த்து, இது எந்தப் புயல் என்று கேளுங்கள்.

படி 6: வாயில் வர வைப்பது

எழுதத் தெரிந்த தொடர் வாயில் வராவிட்டால் பயனில்லை. இரண்டு பேர், நாலு வரி, ஒரு சின்ன நடிப்பு. சோதனைக்கு முதல் நாள் ஒருவன் நடுங்குகிறான். "ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்" என்கிறான், பயத்தில் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்கிறதாம். சோதனை முடிந்து வெளியே வந்ததும் "இட் வொஸ் எ பீஸ் ஒஃப் கேக்" என்கிறான், மிகச் சுலபம் என்று. இவ்வளவு போதும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, ஆளும் காலமும் மாறலாம், ஆனால் தொடரின் மற்றச் சொற்களை மாற்றவோ இடம் மாற்றவோ கூடாது. மாங்காயை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் "டூ மேங்கோஸ்" என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. தலையைத் தின்னாதே என்பதை "டோன்ட் ஈட் மை ஹெட்" என்றால் பயந்துவிடுவார்கள். பொருளைத்தான் கடத்தலாம், படத்தைக் கடத்த முடியாது.

இரண்டாவது, பழசானவை. "இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்" எல்லாப் புத்தகத்திலும் முதலில் வரும். படத்துக்கு நல்லதுதான், நம் பேய்மழையில் பேய் விழாதது போல அங்கே நாயும் விழாது என்று சொன்னால் பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் இன்று அங்குள்ளவர்கள் சாதாரணமாகப் பேசும்போது "இட்ஸ் போரிங்" என்பதே அதிகம் வரும். போர் என்றால் ஊற்றுதல். சலிப்பைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய இப்படியே ஒலிப்பதால் இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். கூரையில் படுத்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்த தொடர் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, மரியாதை. "கிக்ட் த பக்கட்" என்றால் இறந்தார் என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் தாள்களைப் பார்த்திருக்கிறேன். அது நம் "மண்டையைப் போட்டான்" மாதிரி. செத்த வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? காலமானார் என்பதற்கு "பாஸ்ட் அவே" என்று கற்றுக்கொடுங்கள். மற்றது வளர்ந்த பிறகு தானாக வரட்டும்.

படி 7: விளங்கியதா என்று பார்ப்பது

இடைவெளி நிரப்பும் கேள்வி மனப்பாடத்தைத்தான் காட்டும். அதற்குப் பதிலாக மூன்று சின்னக் காட்சிகளைச் சொல்லி, எதற்கு இந்தத் தொடர் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று கேளுங்கள். பொருந்தாத காட்சியைச் சரியாகத் தள்ளும் பிள்ளைக்குத்தான் உண்மையில் விளங்கியிருக்கிறது.

எதை எப்போது

ஊரின் பருவத்தோடு சேர்த்து வைத்தால் தொடர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. அப்போது ஹே பழமொழியும் கோழிக்குஞ்சுக் கணக்கும். சித்திரைக்குப் பிறகு குமணவில் பறவைகள் கூடு கட்டும் காலம். "பேர்ட்ஸ் ஒஃப் எ ஃபெதர் ஃப்ளொக் டுகெதர்", இனம் இனத்தோடு சேரும். வைகாசியில் குளிர்த்தியோடு குளிர்த் தொடர்கள். சோதனை நெருங்கும்போது "ப்ராக்டிஸ் மேக்ஸ் பெர்ஃபெக்ட்", அதோடு சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். கார்த்திகையில் மாரி இறங்கிக் கடல் கொந்தளிக்கும். கரைவலைக்காரர் தொழிலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பார்கள். "சேவ் ஃபோர் எ ரெய்னி டே" என்பதை அந்தக் கிழமைக்கென்று வைத்திருங்கள். மழை நாளுக்குக் காசு சேர்ப்பதென்றால் என்ன என்று கரையோரத்துப் பிள்ளைகள் உங்களுக்கே சொல்லித் தருவார்கள்.